மஞ்சள் நாடா

கொம்பும் வாலும் போய்த்தான்
வேலூர் வந்திருந்தது தளப்பத்து.
மீன் மார்க்கெட்டில் முனிரத்தினம் துண்டு போடும்போது
கத்தியில் மாட்டியது மஞ்சள் நாடா,
எண்ணோடு.
"ஐஸ்பெட்டி வயருக்கா, தூக்கிப் போடு."

போடவில்லை.
ஆஸ்பத்திரியில் தினமும்
மணிக்கட்டுகளுக்கு எண் கட்டுகிறவள் நான்.

போனில் கேட்டார்கள்:
கீழ்த்தாடையிலிருந்து வால்கவை வரை நீளம்?
பிடித்த இடம்? தேதி?
வாலாஜா தாண்டி லாரியில் வந்தது, சார்.

துடுப்பு முள்ளைக் குறுக்கே அறுத்தால்
வளையம் எண்ணி வயசு சொல்வார்களாம்.
முள் கூடையில். கூடை பூனையிடம்.

எந்தக் கடலிலோ யாரோ
இதைத் தூக்கி, எண் குத்தி,
போ என்று விட்டிருக்கிறார்கள்.
பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்றது.
கீழே மணல்.

தடைக்காலத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
படிவத்தில் நிரம்பியது ஒரே கட்டம்:
பெண்.
விரலிடுக்கில் இன்னும்
சினை.