புரி

குதாயிசி மருத்துவமனையின் மூன்றாம் தளத்தில்
என் அறைக்கு ஒரு ஜன்னல், ஒரு பியானோ,
பியானோவில் ஓசை செத்த ஒன்பது கட்டைகள்.

அன்சோரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.
சுரங்கக் கூரை சரிந்து இருபத்தாறு நாள்.
தலையில் தையல், இமை மயிரில் இன்னும் கரி,
வலது கை மடியில்
யாரோ மறந்துவிட்டுப் போன கையுறை மாதிரி.

கேட்டால் விளங்குகிறது அவனுக்கு.
சொல்லத்தான் வாயில்லை.
தண்ணீர் வேண்டுமென்றால்
த்ஸ் என்று தொடங்கி அதிலேயே சிக்கி
கன்னம் அதிர, கண் சிவக்க,
கடைசியில் குவளையைத் தட்டிவிடுகிறான்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன்.
மண்டையின் இடப்பக்கம்
பேச்சு குடியிருந்த வீடு தரைமட்டம்.
பாட்டு வலப்பக்கத் தெருவில் இருந்தது,
ஓர் ஓடுகூட நழுவவில்லை.
(மூளை இவ்வளவு ஒழுங்காகத் தெருப் பிரித்து வைப்பதில்லை.
மனைவிமாரிடம் நான் இப்படித்தான் சொல்வது.)

ரொட்டியில் தொடங்கினேன்.
எங்கள் மொழியில் ரொட்டிக்குப் புரி.
இரண்டே அசை. மேலே ஒன்று, கீழே ஒன்று.
அவன் இடது கையைப் பிடித்து மேசையில் தட்டினேன்.
பு, ஒரு தட்டு. ரி, ஒரு தட்டு.
என் வாயைப் பார். முனகு. இன்னொரு முறை.

பத்து நாள் ரொட்டி.
பத்து நாளும் நான் மட்டுமே பாடிய ரொட்டி.
பக்கத்து அறை எலும்பு முறிவுக்காரர்
ஊன்றுகோலால் சுவரை இடித்தார்:
"அம்மா, அவனுக்கு அந்த ரொட்டியைக் கொடுத்துத் தொலையுங்கள்!"
அன்சோர் சிரித்தான். பாதி முகத்தால்.
சிரித்த மூச்சிலேயே வந்தது
புரி.
மேல் சுரம் கொஞ்சம் பிசகி.

மறுநாள் அவன் மனைவி லாமாரா
படகு போல வளைந்த ரொட்டியைச் சூடாறாமல் தாளில் சுற்றி வந்து
தளம் முழுக்கப் பிய்த்துக் கொடுத்தாள்.
தாழ்வாரத்தில் என்னை நிறுத்திக் குரலைத் தணித்தாள்.
"ஜும்பெரைக் கேட்டால், வேறு ஷிஃப்டில் இருப்பதாகச் சொல்லுங்கள்."
"கேட்க அவருக்கு வாயில்லையே" என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஜும்பெர் அவனோடு உள்ளே இறங்கியவன்.
விருந்து மேசைகளில்
அன்சோர் மேல்குரல், ஜும்பெர் அடிக்குரல்,
நடுக்குரலுக்கு யார் கிடைக்கிறார்களோ அவர்கள்.
அடிக்குரலுக்கு அநேகமாகச் சொல்லே கிடையாது.
ஒரே ஓ. தரை மாதிரி.
மற்றவர்கள் அதன்மேல் நடப்பார்கள்.

வியாழக்கிழமை. ஜும்பெருக்கு அன்று நாற்பதாம் நாள்.
லாமாரா மெழுகுவத்தியோடு அங்கே போயிருந்தாள்.
நாங்கள் தண்ணீருக்கு வந்திருந்தோம், த்ஸ்கா, லி,
அன்சோர் என் கையை அமுக்கி நிறுத்தினான்.
தானாகவே மேசையில் இரண்டு தட்டு.
ரொட்டியின் அதே இரண்டு சுரம்,
ஆனால் கீழிருந்து மேலே, கேள்வி ஏறுகிற வழியில்:
ஜும், பெர்?

நான் சொல்லிக்கொடுக்காத சொல்.

வேறு ஷிஃப்ட் என் நாக்கு வரை வந்தது.
பேசியே சொல்லியிருக்கலாம்,
என் மண்டையில்தான் ஒன்றும் இடியவில்லையே.
முடியவில்லை.
அவன் இடது கையை எடுத்தேன்.
எங்கள் மொழியில் இல்லை என்பதும் இரண்டு அசை.
அ, ஒரு தட்டு. ரா, ஒரு தட்டு.

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்,
நான் பழக்கியபடி.
பிறகு திருப்பிச் சொன்னான், சுரம் பிசகாமல்:
அரா.

என் குறிப்பேட்டில் ஒரு கட்டம் உண்டு,
இன்று வந்த புதிய சொற்கள் என்று.
இரண்டு என்று எழுதினேன்.

வெள்ளியன்று அவன் வரவில்லை.
திங்களன்று வந்தான். நான் புரியை எடுத்தேன்.
அவன் மேலே வரவில்லை.
கீழே, மிகக் கீழே,
பியானோவின் செத்த கட்டைகளுக்கும் கீழே,
ஓ
என்று பிடித்துக்கொண்டு நின்றான்.

சொல் இல்லை. சிகிச்சைக் கணக்கில் சேராது.
நான் அதன்மேல் ரொட்டி, தண்ணீர், ரொட்டி என்று
பாடிக்கொண்டு நடந்தேன்,
விழுந்துவிடாமல்.