மூன்றோ எட்டோ

கணவாய்ப் பெட்டிக்கு அடியில் விரித்திருந்த தாள்.
தேதி கிழிந்துவிட்டது. சுடோக்கு கிழியவில்லை.
தலைப்பில் ஐந்து நட்சத்திரம்,
ஓரத்தில் ஒட்டிய செதில் இரண்டு.
ஏழாம் வரிசை, இரண்டாம் பத்தியில்
அச்சிட்ட எண்ணின் மேல் கணவாய் கக்கியிருந்தது.
அச்சு மையைக் கடல் மை குடித்த இடத்தில்
வலப்பக்கம் இரண்டு வளைவு தெரிகிறது.
மூன்றாக இருக்கலாம்.
இடப்பக்கமும் வளைந்திருந்தால் எட்டு.

பாம்பன் தெற்குவாடி ஐஸ் கம்பெனியில்
இரவு ஆபரேட்டருக்கு இரண்டே வேலை:
கேஜ் முள் சிவப்புக்குப் போகாமல் பார்ப்பது,
தூங்காமல் இருப்பது.
இரண்டாவதற்குத்தான் பென்சில்.

முதல் ஒரு மணி நேரம் சில்லறைக் கணக்கு.
ஒரே இடம் மிஞ்சிய எண்கள்
நெத்திலி மாதிரி, அள்ளினால் வரும்.
பிறகு கை நின்றது.
காலிக் கட்டங்களிலெல்லாம் பொடி எழுத்தில்
வரக்கூடியவற்றை நுணுக்கி வைத்தேன்.
இரண்டு கட்டத்துக்கு இரண்டே எண் என்றால்
எது எதிலென்று தெரியாவிட்டாலும்
அந்த வரிசையில் மற்ற கட்டத்துக்கு அவை இல்லை.
பாகம் பிரியும் முன்பே
பங்காளி யாரென்று தெரிந்துபோவது போல.

அப்புறம் நான்கைப் பார்த்தேன்.
மூன்று வரிசையில் அது நிற்கத் தோதான இடம்
அதே மூன்று பத்திகளில் மட்டும்.
அப்படியானால் அந்தப் பத்திகளின்
மற்ற வரிசைகளில் நுணுக்கிய நான்கெல்லாம் அழியும்.
இந்த வித்தைக்கு வாள்மீன் என்று பெயராம்.
வைத்தவன் வலையில் ஒருநாளும் அது விழுந்திருக்காது.
விழுந்தால் வலை மிஞ்சாது.
நான்கு வரிசைக்கு நீண்டால் சொறிமீனாம்.
அது பொருத்தம்.
அரிப்பு இரண்டு நாளைக்குப் போகாது.

ஐஸ் உடைக்கும் தொபியாஸ் எட்டிப் பார்த்தான்.
“குத்துமதிப்பா ஒண்ணப் போட்டுப் பாருங்கண்ணே.”
நடுவில் இன்னும் தண்ணியாய் இருக்கிற பாளத்தைத்
தூக்கச் சொல்வாயா என்றேன்.
பீடியை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டு போனான்.

கச்சான் அடித்தால் தென்கடல் கொதிக்கும்,
வடகடல் தூங்கும்.
வாடை வந்தால் இரண்டும் மாறிக்கொள்ளும்.
ஆகவே சங்கிலிக் கணக்கு எனக்குப் புதிதில்லை:
இங்கே ஐந்து இல்லையென்றால் அங்கே ஐந்து,
அங்கே ஐந்தென்றால் ஒன்பது ஒரு கட்டம் நகரும்,
ஒன்பது நகர்ந்தால்
மேல்மூலையில் ஆறு நிற்க முடியாது.
சரி, இங்கேதான் ஐந்து என்று வை.
இரண்டு வருகிறது, இரண்டால் ஏழு போகிறது,
சுற்றி வந்தால் அதே மூலை, அதே ஆறு
நிற்க முடியாமல்.
எந்தக் கடலில் இறங்கினாலும் ஒரே கரை.
அழித்தேன்.
கம்ப்ரஸர் ஒருமுறை இருமி அடங்கியது.

மூன்றரை மணிக்கு எழுபத்தேழு கட்டம் நிரம்பியது.
மிச்சம் நான்கு.
ஏழாம் வரிசையில் இரண்டு, நேர்கீழே ஒன்பதாம் வரிசையில் இரண்டு.
நான்கிலும் மூன்றும் எட்டும்.
அதில் ஒன்று கறை விழுந்த கட்டம்.

இப்படி ஒரு சதுரம் வரக்கூடாது என்பதே ஒரு விதி.
புதிருக்கு விடை ஒன்றுதான் என்று நம்பி
அதற்கு முன்பே வழி மாறிவிடலாம்.
ஆனால் அது போட்டவன் மேல் வைக்கிற நம்பிக்கை.
அவன் சொன்னதில் ஒரு சொல்லைத்தான்
கணவாய் விழுங்கிவிட்டதே.
மூன்று என்று தொடங்கினேன், எல்லாம் பொருந்தியது.
எட்டு என்று தொடங்கினேன், எல்லாம் பொருந்தியது.
தாளை விளக்குக்கு எதிரே பிடித்தேன்.
பின்பக்கத்து நகை விளம்பரம் தெரிந்தது.

ஐந்து மணிக்கு ஜகுபர் லாரி. அறுபது பாளம்.
சீட்டில் எண்ணிக்கை எழுதுகையில்
ஆறைப் போட்டுவிட்டு ஒரு நொடி யோசித்தேன்.

நான்கு நாள் கழித்து, பஸ் நிறுத்தத்துச் சலூனில்,
பெஞ்சுக்கடியில் பழைய தாள் கட்டு.
அதே புதிர். யாரோ பேனாவால் நிரப்பி,
ஒரே வரிசையில் இரண்டு ஒன்று வைத்து,
கோபத்தில் கிறுக்கியிருந்தார்கள்.
நான் பார்த்தது ஒரே கட்டம்.
கனத்த அச்சில் எட்டு.

மற்ற மூன்றும் தாமாக விழுந்தன.
பையில் மடித்த என் தாளை எடுக்கவில்லை.
“முடி வெட்டவா, தாள் படிக்கவா?” என்றார்.
வெட்டுங்கள் என்றேன்.