நாலு செக்கன்

கெட்டிமேளம் கேட்கிறது. தாலியைக் காணவில்லை.
ஃபிரேம் முழுக்க ஒரு முதுகு,
பட்டுச் சால்வை, தலைக்கு மேல் ஐபாட்.
கனடாச் சித்தப்பா.

கொக்குவில் ஸ்டூடியோ. இரவு ஒரு மணி.
பழைய ஹார்ட் டிஸ்கைக் கிண்டி
ஆவணியில் உரும்பிராயில் விழுந்த
வேறொரு முடிச்சை எடுத்தேன்.

முதலில் இடையில் செருகினேன்.
பின்னால் இருந்த படமெல்லாம்
நாலு செக்கன் தள்ளிப் போக,
வாய் திறக்க முதலே
சிரிப்புச் சத்தம் வந்தது.

பிறகு அதைக் கழற்றி,
ஊமையாக்கி
மேல் ட்ராக்கில் வைத்து முதுகை மூடினேன்.
தையல் தெரியவில்லை.

மூன்றாம் நாள் தர்மிகா எடுத்தாள்.
"அண்ணை, அது அவற்ரை கையில்லை."
"எப்பிடித் தங்கச்சி?"
"அவருக்கு முடிச்சு விழேல்லை.
ரண்டு தரம் வழுக்கினது.
பிடரியில கை நடுங்கினது
எனக்கெல்லோ தெரியும்.
சித்தப்பான்ரை முதுகையே விடுங்கோ."

அழித்தேன்.
முதுகு தன் இடத்துக்கு வந்தது.
சால்வைக் கரைக்கும் ஐபாட்டுக்கும் நடுவில்,
இத்தனை தரம் ஓட்டியும் நான் பார்க்காத
ஒரு முழங்கை
வழுக்கி,
திரும்ப எழும்புகிறது.