ஊறுகாய்ப் புட்டி

டூயிஸ்பர்க், எழுபத்தொன்பது சனவரி.
உருக்காலை இரவுப்பணி முடிந்து
நிலவறைக்கு இறங்குவான் வெண்டலின்.
கடலை அவன் கண்டதில்லை;
உப்பை நிறுக்கத் தெரியும்.

லிண்டன் கட்டை வழியே காற்று நுரைத்து
அழுக்கு கோப்பையில் ஏறும்.
“பீர் ஊற்றுகிறாயா?” என்பாள் ஹில்ட்ரூட்,
மின்கட்டண ரசீதை நீட்டியபடி.

ஏழு பவளங்கள் வெளுத்துச் செத்தன.
நோட்டில் ஏழு தேதி, ஏழு ‘ஏன்’.
எட்டாவது
ஒரு விரல்நுனி வளர்ந்தது.
அதை ஒடித்துப் பாதியை
வெள்ளரி ஊறுகாய்ப் புட்டியில் போட்டு
டிராம் ஓட்டும் ஷிபான்ஸ்கியின் தொட்டிக்குத் தந்தான்.

மார்ச்சில், பம்ப் நின்ற இரவு,
இவன் தொட்டி மொத்தமும் பால்நிறமானது.

மறுநாள் படியிறங்கி வந்தது
அதே புட்டி.
உள்ளே, பாதியில் பாதி.

இன்று ஒசாகாவில் ஒருத்தி அதை நறுக்குகிறாள்,
யாரிடமிருந்து வந்ததென்று தெரியாமல்.
அறுத்த இடம்
பத்தே நாளில் ஆறிவிடுகிறது.