நகாலா லோடு

மூட்டை மேல் பச்சை மையில்
நகாலா.
நாலு வருஷமாய்ப் பேரேட்டில் எழுதுகிறேன்,
அது ஊரா ஆளா என்று
காடாம்புலியூரில் ஒருவரும் கேட்டதில்லை.

இந்த மாதம் லோடு இல்லை.
மொசாம்பிக்கில் வரியை ஏற்றிவிட்டார்களாம்,
கொட்டையை அங்கேயே உடைக்கிறார்களாம்.
முதலாளி தூத்துக்குடிக்கு போன் போட்டுக் கத்துகிறார்.

அஞ்சலாட்சி
ஓட்டெண்ணெய் தின்ற விரல்களில்
சாம்பலைத் தேய்த்தபடி கேட்டாள்:
"அங்க கிலோவுக்கு எவ்ளோ தராங்களாம்?"
தெரியவில்லை.
"கிளவுஸ் உண்டாமா?"
தெரியவில்லை.
"அப்ப இன்னா கணக்கு எழுதற நீ?"

கடைசி மூட்டையை உதறினாள்.
தூசியோடு ஒரு கை செம்மண்.
"நம்ம கொல்லை மண்ணாட்டமே இருக்குது."

எடையில் அதுவும் சேர்த்திதான்,
டாலரில் கொடுத்தோம்.
பெருக்கித் தள்ளு என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.