விலகியவனுக்கு விழுந்தவை

இருநூற்றுப் பதினேழு.
பிறை சமூக மண்டபத்தில், இரவு பத்தரைக்கு,
என் பெயருக்கு நேராக அதை வாசித்தார் அதிகாரி.
நான் விலகி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

விலகியது வாழையிலைக் கடையின் பின்மேசையில்.
தயாபரன் வந்திருந்தார், கூட மூன்று பேர்.
மீன்தலைக் கறி ஆறி ஏடு கட்டும் வரை
ஒன்றையேதான் சுற்றிச் சுற்றிச் சொன்னார்கள்:
ஓட்டைப் பிரிக்காதே தம்பி, ஓட்டைப் பிரிக்காதே.
என் காதில் அது கூரை ஓடாகவே விழுந்தது.
நடுராத்திரியில் ஓட்டைப் பிரித்து
அடுத்தவன் வீட்டுக்குள் குதிக்கிற ஆள்
நான்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.
லோரோங் ஆறின் சாக்கடையை
எடுத்துக் கட்டித் தருவதாகச் சொன்னார்.
எழுத்தில் எதுவும் இல்லை. கை கொடுத்தார்.
வீடு வரை விரலில் புளி வாசம்.

மறுநாள் என் டயர் கடை வாசலில்
இரண்டு நிருபர்கள், ஒரு கைப்பேசி.
அறிக்கையை வாசித்து முடிப்பதற்குள்
காற்றடிக்க ஒரு மோட்டார் வந்து நின்றது.

தேர்தல் அலுவலகத்தில் கேட்டேன்.
சீட்டு அச்சுக்குப் போய்விட்டது,
பெயரை எடுக்க முடியாது,
வேண்டுமானால் வாயால் விலகிக்கொள்ளுங்கள்
என்றாள் முகப்பில் இருந்த பெண்,
மலாயில், சிரிக்காமல்.

வாக்களிப்பு நாளில்
தடுப்பு அட்டைக்குப் பின்னால் நானும் என் பெயரும்.
நடுக் கட்டம். பக்கத்தில் சாவி.
என்னைத் தாண்டிப் போய்
தயாபரனுக்கு நேரே பெருக்கல் குறி போட்டேன்.
சொந்தக் கருமாதிக்கு மொய் எழுதியது மாதிரி இருந்தது.

தயாபரன் தோற்றது நூற்றுத் தொண்ணூற்று நான்கில்.
கழித்தல் தெரிந்தவர்கள் எல்லோரும்
மண்டபத்தில் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.
முன்பணம் போனதை யாரும் விசாரிக்கவில்லை.

காலையில் ரொட்டி சானாய் கடை.
நான் முகங்களைப் பார்க்கவில்லை.
மாவு பிசைகிற விரல், சில்லறை எண்ணுகிற விரல்,
தே தாரேக் கோப்பையைச் சுற்றிய விரல்,
மூக்கு நோண்டுகிற விரல்,
எல்லாவற்றிலும் அதே மை.
எது சாவியைத் தொட்டது?
திட்டவா, காலில் விழவா?
யாராவது மாட்டினால் என்ன செய்திருப்பேன் என்று
இன்றுவரை தெரியவில்லை.

மாட்டினார் ஒருவர். தானாகவே.
பழைய வெஸ்பாவைத் தள்ளிக்கொண்டு வந்த தியோ கிழவர்:
உனக்குத்தான் போட்டேன், டயர்காரா.
நான்தான் விலகிவிட்டேனே, அங்கிள்?
அப்படியா? எனக்கு யார் சொன்னார்கள்?
அந்த வாரம் என் வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது.
சீட்டில் பார்த்ததும் நல்ல சகுனம் என்று நினைத்தேன்.
கிடைத்ததா?
இல்லை.
பஞ்சருக்கு அவரிடம் காசு வாங்கவில்லை.

மாநகர் மன்றத்திலிருந்து கடிதம்:
பதாகைகளை அகற்று, அல்லது அபராதம்.
எல்லாம் எடுத்தாயிற்று, மேம்பாலத்தடியில் ஒன்று தவிர.
கீழே கொள்கலன் லாரிகள் போக,
மழையில் ஒரு கண் வெளுத்து,
யாரையோ கும்பிட்டபடி நிற்கிறேன் நான்.

ஞாயிற்றுக்கிழமை ஏணி கொண்டுபோனோம்.
புவனா கீழே பிடித்துக்கொண்டாள்.
எட்டாவது படியில் நின்று, திரும்பாமல், கேட்டேன்:
நீ யாருக்குப் போட்டாய்?

லாரி ஒன்று போனது. இன்னொன்றும்.

விலகும்போது என்னைக் கேட்டாயா என்றாள்.
பிறகு,
கயிற்றை அறு, கை வலிக்கிறது.

குனிந்து பார்த்தேன்.
ஏணிக் காலை இறுக்கிய இடது கையில்
நகத்தோடு நகமாக
இன்னும் போகாமல் அந்த நீலம்.