பதினான்காவது மாடு

மைனஸ் நாற்பத்தேழு.
கேமராவின் பேட்டரியை அக்குளில் வைத்திருக்கிறேன்,
காய்ச்சல்காரிக்குத் தெர்மாமீட்டர் வைத்ததுபோல்.
ஒரு படத்துக்கு வெளியே எடுத்து,
மாட்டி, அமுக்கி,
மறுபடி அக்குளுக்குள்.

மானியக் கணக்கெடுப்பு.
மாட்டுக்கு ஒரு படம்.
காதுத் தோட்டின் எண் தெரிய வேண்டும்,
நிறம் தெரிய வேண்டும்,
நான்கு கால்களும் தெரிய வேண்டும் என்று
யாகுத்ஸ்க்கில் யாரோ
சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுதியது.

ஏரிக்கரையில் குதிரைகள்
எனக்கு முதுகைக் காட்டி நின்றன.
குளம்பால் பனியைக் கிளறி
போன வருஷத்துப் புல்லைத் தேடிக்கொண்டு.
அவை என் பட்டியலில் இல்லை.
இருந்தாலும் ஒன்றை எடுத்தேன்.
பல் கிட்டிப்போனவன் பேசுவதுபோல்
ஷட்டர் பாதியில் திக்கி
பிறகு மூடியது.

சர்கிலானா கொட்டில் வாசலில் மறித்தாள்.
"இப்படியேவா எடுப்பாய்? பொறு, உடுத்திவிடுகிறேன்."

தண்ணீருக்கு ஏரிக்குப் போகையில்
மடி உறைந்துவிடாமல் உறை கட்டுவது
எல்லா வீட்டிலும் உண்டு.
படத்துக்காகக் கட்டி
நான் பார்த்ததில்லை.
முயல்தோல், கிழிந்த போர்வை, எவனுடையதோ கால்சட்டை.
குகாஸுக்கு மட்டும் பச்சைக் கோட்டுத் துணி,
அதில் இன்னும் ஒரு பித்தளைப் பொத்தான்.
"என் கல்யாணத்துக்குத் தைத்தது" என்றாள்,
முடிச்சை இறுக்கிக்கொண்டே.
"இப்போது இவளுக்குத்தான் அளவு சரி."

பனிக்கட்டியில் வெட்டிய துளையை நோக்கி
வெண்முதுகுக் குட்டை மாடுகள் வரிசையாய் நடந்தன.
ஒவ்வொன்றின் முன்னும்
அதன் மூச்சு ஒரு முழம் போய்
நின்று
உதிர்ந்தது.

தோடுகளில் உறைபனி. எண் இல்லை.
கையுறையைக் கழற்றிக்
கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.
ஊசி நகக்கண்ணுக்குள் ஏற ஏற
ஒரு ஏழு கரைந்து வந்தது,
ஒரு மூன்று,
மறுபடி ஒரு ஏழு.
மாடு காதை உதறவில்லை.
வெந்நீர்ச் சொட்டு விழுந்ததுபோல் இருந்ததோ என்னவோ,
கண்ணை மட்டும் மூடித் திறந்தது.
பதின்மூன்று மாடு முடிந்தபோது
அந்த விரல் யாருடையதோ.

பதினான்காவது உள்ளே இருந்தது.
கன்று போட்டு மூன்றாம் நாள்.

கதவைத் திறந்ததும்
வெளி உள்ளே பாய, உள் வெளியே பாய,
வாசற்படியில் ஒரு வெள்ளைக் கைகலப்பு.
லென்ஸ் குருடானது.
துடைத்தேன். துடைத்த இடத்திலேயே மறுபடி வெண்மை.
ஆத்திரத்தில் அப்படியே ஒருமுறை அமுக்கினேன்.
"உட்கார்" என்றாள். "கண்ணாடிக்கும் பழக வேண்டாமா?"

கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தேன்.
சாணம் அப்பிய சுவர் முதுகைச் சுட்டது.
இருட்டில் எங்கோ கன்று
காம்பைத் தவறவிட்டு, தேடி, பிடித்து,
சப்புக் கொட்டும் சத்தம்.
சீம்பாலின் வாடை.
என் இமைப் பனி உருகிக்
கன்னத்தில் வழிந்தது.
நான் அழுவதாக நினைத்துக்கொண்டாள் போலும்.
ஒன்றும் கேட்காமல்
டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டாள்.
நானும் திருத்தவில்லை.

லென்ஸ் தெளிந்தபோது
பேட்டரி செத்திருந்தது.

அலுவலகத்தில் புரோகோப்பி
ஒவ்வொரு படமாகத் தள்ளினார்.
மடி உறைகளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை,
பொத்தானிடம் மட்டும் கொஞ்சம் நின்றார்.
பதினான்கு.
"இதில் மாடு எங்கே?"
"இருக்கிறது."
பெரிதாக்கினார். வெள்ளை.
இன்னும் பெரிதாக்கினார். இன்னும் வெள்ளை.
கீழ் மூலையில் மஞ்சளாய் ஏதோ,
தோடாக இருக்கலாம், விளக்காகவும் இருக்கலாம்.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றி
ஊதித் துடைத்து
மாட்டிக்கொண்டார்.
பேனாவை உதறிப் பதினான்கு என்று எழுதினார்.

அடுத்ததைத் தள்ளினார்.
பனி படிந்த ஒரு முதுகு,
வால், அதற்கப்பால் ஏரி.
"இந்தக் குதிரை யாருடையது?"
விசாரிக்கவில்லை என்றேன்.
ஹீட்டர் டக் டக்கென்று சூடேறிக்கொண்டிருந்தது.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.